ஒருவனும் கூட்டமும்: மைக்கல் ஜக்சனின் வீடியோப் பாடல்கள் குறித்து

ஒரு மாலை நேரம். பத்தாம் தரத்தில் கற்கும் மாணவன் ஒருவன் தனது காக்காவின் கைத்தொலைபேசியுடன் எனது வீட்டுக்கு வந்தான். திரையில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. ஒன்று 1979ஆம் ஆண்டுக்குரியது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வாய்நிறையச் சிரிக்கும் கறுப்பின இளைஞன். மற்றையது 2001ஆம் ஆண்டுக்குரியது. தொப்பியின் நிழலுக்குள் பாதி மறைந்த, வெளிறிய, ஒடுங்கிய முகம். "சேர், இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டான். ஒரே ஆள்தான் என்றேன். "அப்ப இடையில என்ன நடந்த?" என்றான்.

மைக்கல் ஜக்சனைப் பற்றி உலகம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியும் இதுதான். அவரது மூக்கைப் பற்றியும் தோலைப் பற்றியும் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு நூலகம் தேவைப்படும். அவர் தனது பாடல்களுக்காக எடுத்த படங்களைப் பற்றி, அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு மாறின என்பதைப் பற்றி எழுதப்பட்டவை ஒப்பீட்டளவில் குறைவு. அவற்றை வீடியோ என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை. குறும்படங்கள் என்றே சொல்லிவந்தார். அந்தச் சொல்லை மதித்து, படங்களைப் படங்களாகவே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் ஆய்வாளனல்லன், இரசிகன். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் கலாசாலை விடுதியில் அறைத்தோழர் ஒருவர் கொண்டுவந்த வீ.சீ.டீ. ஒன்றின் மூலமே இப்பாடல்கள் எனக்கு முறையாக அறிமுகமாயின. ஆங்கில வரிகள் பாதிக்குமேல் விளங்கவில்லை. ஒரு வகையில் அதுவே நன்மையாயிற்று. சொற்களை விட்டுவிட்டு, சட்டகத்துக்குள் யார் நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் பழக்கம் அன்று தொற்றிக்கொண்டது. அந்தப் பழக்கத்தோடு இத்தனை வருடங்கள் பார்த்துவந்ததில் எனக்குத் தோன்றியதை ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், ஜக்சனின் படங்களில் முக்கியமாக மாறியது அவரது முகமன்று. அவருக்கும் அவரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்குமான உறவே மாறியது. அம்மாற்றத்தில் அவர் பெற்றதும் இழந்ததும் ஒரு கலைஞனின் வாழ்வு குறித்து நிறையச் சொல்கின்றன.

முதலில் தொடக்கத்தை நோக்குவோம். 1979இல் வெளியான "ஓஃப் த வோல்" அல்பத்துக்கான படங்கள் மிக எளிமையானவை. பின்னணியில் ஒரு நிற ஒளி, முன்னே ஒரு மனிதன் ஆடுகிறான், அவ்வளவுதான். "டோன்ட் ஸ்டொப் டில் யூ கெட் இனஃப்" பாடலில் ஓரிடத்தில் ஒரே ஜக்சன் மூவராகி அருகருகே ஆடுகிறார். துணைக்கு ஆளில்லாததால் தன்னையே கூட்டமாக்கிக்கொண்ட இளைஞனின் விளையாட்டு அது. அண்ணன்மார் நால்வரோடு சிறு பராயம் முதல் மேடையேறியவர் அவர். தனியாக நின்றபோது தோன்றிய வெறுமையை நிரப்ப அவர் கண்ட முதல் வழி இதுவெனக் கருத இடமுண்டு.

எம்.டி.வி. அலைவரிசை 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் முதலிரு ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் படங்கள் அங்கு அரிதாகவே இடம்பெற்றன. இதனை 1983இல் டேவிட் போவி என்ற வெள்ளையினப் பாடகர் அதே அலைவரிசைக்கு வழங்கிய நேர்காணலில் நேருக்கு நேர் கேள்விக்குட்படுத்தினார். அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் "பில்லி ஜீன்" அங்கு ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஸ்டீவ் பெரன் இயக்கிய இப்படத்தை அந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவுத் தெருவில் ஓர் இளைஞன் நடந்து செல்கிறான். அவன் மிதிக்கும் கற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. மழைக்கோட்டு அணிந்த ஒருவன் கமராவுடன் அவனைப் பின்தொடர்கிறான், படம் எடுக்கிறான். வெளிவரும் புகைப்படத்தில் இளைஞன் இல்லை. இறுதியில் கட்டிலில் படுத்த இளைஞன் போர்வைக்குள்ளிருந்து மறைந்துவிடுகிறான். துரத்தி வந்தவனைப் பொலிஸார் பிடித்துச் செல்கின்றனர்.

கறுப்பினப் பாடகர்களைக் காண மறுத்த ஒரு அலைவரிசையில், கமராவுக்கு அகப்படாத ஒரு கறுப்பு இளைஞனின் கதை ஒளிபரப்பாகிறது. இயக்குனர் இதனை நினைத்துச் செய்தாரா என்பது இங்கு முக்கியமன்று. படம் அதைச் சொல்கிறது. இங்கு கூட்டம் என்று எதுவுமில்லை. தன்னைப் பார்க்க விரும்பும் ஒரே கண்ணும் உளவு பார்க்கும் கண்தான். பின்னாளில் அவரது வாழ்வை விழுங்கிய புகைப்படக்காரர்களின் முதல் பிரதிநிதி, அவர் உலகப் புகழ் அடைவதற்கு முன்னரே படத்துக்குள் வந்துவிட்டான்.

அதே வருடம் பொப் கிரால்டி இயக்கிய "பீட் இட்" வெளியாயிற்று. இரண்டு குழுக்கள் மோதுவதற்காகத் திரள்கின்றன. தலைவர்கள் இருவரும் மணிக்கட்டுகளை ஒன்றாகக் கட்டிக்கொண்டு கத்தியால் பொருதுகின்றனர். சிவப்புத் தோல் ஜக்கெட் அணிந்த இளைஞன் நடுவில் புகுந்து பிரிக்கிறான்; பிறகு எல்லோரும் ஆடுகிறார்கள். நடனத்தை அமைத்த மைக்கல் பீட்டர்ஸ் தலைவர்களில் ஒருவராகவும் தோன்றுகிறார். தொழில்முறை நடனக்காரர்களுடன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் உண்மையான தெருக்குழு இளைஞர்களும் நடித்ததாகச் சொல்லப்படுகிறது. கதை எளிமையானது, சற்று அப்பாவித்தனமானதும் கூட. ஆடினால் சண்டை ஓயும் என்று எந்த ஊரிலும் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அந்த இறுதிக் காட்சியில் ஜக்சன் முன்னணியில் நின்றாலும், பின்வரிசையிலுள்ளோர் அவரை வணங்கவில்லை. அவர் வைக்கும் அதே அடியை அவர்களும் வைக்கிறார்கள். தலைவன் என்பவன் முதல் அடி வைப்பவன் மட்டுமே. கூட்டமும் ஒருவனும் ஒரே தரையில் நிற்கும் அந்தச் சமநிலைதான் இப்படத்தின் அழகு.

1983 டிசம்பர் 2ஆம் திகதி முதன்முதலாக ஒளிபரப்பான "திரில்லர்" இச்சமநிலையை இன்னொரு படி மேலே கொண்டுசென்றது. ஏறத்தாழ 14 நிமிடங்கள் நீளும் இப்படத்தை இயக்கியவர், ஓநாய் மனிதன் பற்றிய ஒரு திரைப்படத்தை 1981இல் எடுத்துப் பெயர்பெற்றிருந்த ஜோன் லண்டிஸ். ஒப்பனை ரிக் பேக்கருடையது. பிணங்கள் மண்ணைப் பிளந்து எழுந்து காதலர்களைச் சூழ்கின்றன. காதலி திரும்பிப் பார்க்கிறாள். அவளைக் காக்க வேண்டியவனே பிணமாகி நிற்கிறான். பின்னர் அந்தப் புகழ்பெற்ற நடனம். உலகிலேயே அதிகம் விரும்பப்பட்ட ஒரு இளைஞன், தனது புகழின் உச்சத்தில், அழகிய முகத்தை அழுகிய முகமாக மாற்றிக்கொண்டு, அழுகியவர்களில் ஒருவனாக வரிசையில் நிற்கத் துணிந்தான். இன்று சிறுவர்கள் முகமூடியணிந்து அந்த அடிகளை ஆடிச் சிரிக்கிறார்கள். ஆனால் தன் அழகை விளையாட்டாகக்கூட இழக்கத் துணியும் நட்சத்திரங்கள் எத்தனை பேர்? 2009இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் இசை வீடியோ இதுவென்பது அதன் தொழில்நுட்பத்துக்கு மட்டும் கிடைத்த மதிப்பென்று நான் நினைக்கவில்லை.

உறவில் முதல் விரிசல் 1987இல் வந்த "பேட்" படத்தில் தெரிகிறது. மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய, ஏறக்குறைய 18 நிமிடப் படம். அதன் முதற்பகுதி கறுப்பு வெள்ளையில் அமைந்த ஒரு சிறுகதை. வசதியான தனியார் பாடசாலையில் படிக்கும் கறுப்பின மாணவன் விடுமுறையில் தனது பழைய தெருவுக்குத் திரும்புகிறான். நண்பர்கள் அவனை மாறிவிட்டவனாகக் காண்கிறார்கள். நீ இன்னும் எங்களில் ஒருவனா என்று சோதிக்கிறார்கள். அவர்களின் தலைவனாக அப்போது அதிகம் அறியப்படாதிருந்த வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்திருந்தார். சோதனை ஒரு வழிப்பறியில் முடியவேண்டிய கட்டத்தில், நியூயோர்க் சுரங்க ரயில் நிலையத்தில் படம் திடீரென நிறம் பெறுகிறது, ஆட்டம் ஆரம்பமாகிறது.

கிராமத்துப் பிள்ளைகளை நகரப் பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவைக்கும் தொழிலைச் செய்பவன் என்ற வகையில் இக்கறுப்பு வெள்ளைப் பகுதியை என்னால் இலகுவில் கடந்துபோக முடிவதில்லை. படித்துத் திரும்பும் பிள்ளை முச்சந்தியில் பழைய கூட்டாளிகளோடு நிற்கும்போது ஏற்படும் அந்த இறுக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் நிறம் வந்தபின் நடப்பது வேறு. "பீட் இட்" படத்தில் இரு கூட்டங்களும் சேர்ந்து ஆடின. இங்கு பழைய நண்பர்கள் ஓரத்தில் நின்று பார்க்க, எங்கிருந்தோ முளைத்த புதிய நடனக் குழுவொன்று அவனுக்குப் பின்னால் ஆடுகிறது. சொந்தக் கூட்டம் பார்வையாளராகிவிட்டது. இறுதியில் கைகுலுக்கல் இருக்கிறது, சமாதானமும் இருக்கிறது. ஆயினும் அவர்கள் போய்விடுகிறார்கள், இவன் தனியே நிற்கிறான். அவருடைய படங்களில் இதுவே நேர்மையான முடிவு என்பேன்.

1988இல் "மூன்வோக்கர்" திரைப்படத்தில் இடம்பெற்ற "ஸ்மூத் கிரிமினல்" நடனத்தின் பூரணத்துவம். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, 1930களின் இரவு விடுதி. பழைய ஹொலிவூட் நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேருக்கு, குறிப்பாக அவர் நடித்த 1953ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்குச் செலுத்தப்பட்ட மரியாதை அது. அதே ஆண்டு வெளியான தன் சுயசரிதையை ஜக்சன் அஸ்டேருக்கே சமர்ப்பித்திருந்தார். அஸ்டேர் தனது நடனக் காட்சிகளில் உச்சி முதல் பாதம் வரை முழு உடலும் தெரியவேண்டும், வெட்டுக்கள் குறைவாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆடுபவனின் உடலை வெட்டித் துண்டாக்கினால் ஆட்டத்தை நம்ப முடியாது என்பது அதன் தாற்பரியம்.

இப்படத்தின் உச்சம், ஜக்சனும் உடன் ஆடுவோரும் குதிகால் தரையை விட்டெழாமல் முன்னோக்கிச் சாயும் கணம். படத்தில் அதற்குக் கம்பிகள் பயன்பட்டன. பிற்பாடு மேடையிலும் அதைச் செய்வதற்காக, தரையிலிருந்து எழும் ஆணியொன்றில் குதி கொளுவிக்கொள்ளும் சப்பாத்தை வடிவமைத்து, ஜக்சனும் வேறிருவரும் 1993இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். இதை அறிந்த பின்னர் சிலருக்கு மந்திரம் கலைந்துவிடுகிறது. எனக்கு அது இன்னும் பிடித்துப்போனது. கம்பியும் ஆணியும் இருந்தாலும் மீண்டும் நிமிர்வதற்கு முதுகும் காலும் தேவை. அதிலும் முக்கியமாக, அவர் தனியே சாயவில்லை. இருபுறமும் மற்றவர்களும் சாய்கிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து விழாமல் நின்ற கடைசிக் காட்சி இதுவாக இருக்கலாம்.

மறுவருடம் வந்த "லீவ் மீ அலோன்" படத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஜிம் பிளாஷ்ஃபீல்ட் வெட்டியொட்டிய சித்திரங்களால் உருவாக்கிய இப்படத்தில், ஜக்சனைப் பற்றிப் பத்திரிகைகள் பரப்பிய வதந்திகள் எல்லாம் ஒரு களியாட்டப் பூங்காவாக விரிகின்றன. அவர் சிறு வண்டியொன்றில் அமர்ந்து அவற்றினூடே பயணிக்கிறார். இறுதியில்தான் அந்தப் பூங்கா முழுவதும் கட்டிப்போடப்பட்ட அவரது பேருருவத்தின் மேலேயே அமைந்திருப்பது தெரிகிறது. கலிவரைப்போல அவர் எழுந்து அதை உடைக்கிறார். நகைச்சுவையுள்ள, புத்திசாலித்தனமான படம். ஆனால் இங்கே ஒரு கணக்கு மாறிவிட்டது. அவர் இராட்சதன், மற்றவர்கள் சிறியவர்கள். இந்த அளவுப் பிழை பின்னர் திருத்தப்படவேயில்லை.

1991 நவம்பர் 14ஆம் திகதி 27 நாடுகளில் ஒரே வேளையில் ஒளிபரப்பான "பிளாக் ஓர் வைட்" பற்றிப் பேசாமல் இக்கட்டுரை முழுமையடையாது. மீண்டும் ஜோன் லண்டிஸ். ஆபிரிக்க, தாய்லாந்து, செவ்விந்திய, இந்திய, ரஷ்ய நடனக்காரர்களோடு ஜக்சன் மாறிமாறி ஆடுகிறார். முகங்கள் ஒன்று மற்றொன்றாக உருகி மாறும் இறுதிக் காட்சி அக்காலத்தில் பெரும் வியப்பு. இன்றைய கண்ணுக்கு இப்பகுதி சுற்றுலாத் துறை விளம்பரம் போலத் தெரிவதை மறுக்க முடியாது. ஒவ்வொரு பண்பாடும் அவருக்காகச் சில வினாடிகள் வந்து ஆடிவிட்டுப் போகிறது. அந்த இந்தியப் பெண்ணை வாகனங்கள் விரையும் வீதியின் நடுவில் ஏன் ஆடவிட்டார்கள் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் பாட்டு முடிந்த பின்னும் படம் முடியவில்லை. கருஞ்சிறுத்தையொன்று படப்பிடிப்புக் கூடத்தை விட்டு வெளியேறி இருண்ட தெருவில் ஜக்சனாக மாறுகிறது. இசை இல்லை. காலடி ஓசையும் மூச்சும் நீர் தெறிக்கும் ஒலியும் மட்டுமே. அவர் ஆடுகிறார், வாகனக் கண்ணாடிகளை உடைக்கிறார், ஓலமிடுகிறார். எதிர்ப்புக் கிளம்பியது. ஜக்சன் மன்னிப்புக் கோரினார். இறுதி நான்கு நிமிடங்கள் நீக்கப்பட்டன. பின்னர் வந்த பிரதியொன்றில் உடைபடும் கண்ணாடிகளில் இனவாத வாசகங்கள் வரைந்து சேர்க்கப்பட்டன. கோபத்துக்குக் காரணம் காட்டினால்தான் பார்ப்போர் பொறுப்பார்கள் போலும். எல்லோரும் ஒன்று என்று புன்னகையோடு பாடும் வரையில் அந்தக் கறுப்பு மனிதனை உலகம் நேசித்தது. புன்னகையை நிறுத்திய கணத்தில் வெட்டியெறிந்தது. அவரது படங்களிலேயே உண்மையான நான்கு நிமிடங்கள் எவையென்று கேட்டால் நான் அவற்றையே காட்டுவேன். அவற்றில் கூட்டம் இல்லை. சமாதானம் செய்துவைத்த இளைஞனுக்குத் தன் கோபத்தை ஆடுவதற்கு ஒருவரும் துணையில்லை.

இவ்விடத்தில் தோல் நிறம் பற்றிய வழமையான வாதத்தையும் பார்த்துவிடலாம். வெள்ளையராக விரும்பித் தன் இனத்தைத் துறந்தார் என்பது அந்த வாதம். தனக்குத் தோலின் நிறத்தை அழிக்கும் நோய் இருப்பதாக 1993 பெப்ரவரியில் ஒப்ரா வின்ஃப்ரேயுடனான நேர்காணலில் அவர் கூறினார். 2009இல் நடந்த பிரேத பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. முகச் சத்திரசிகிச்சைகள் வேறு கதை. ஆனால் படங்கள் எதைக் காட்டுகின்றன? அவரது தோல் வெளிறியிருந்த 1992இல்தான் "ரிமெம்பர் த டைம்" வெளியாயிற்று. இயக்குனர் ஜோன் சிங்கிள்டன், மன்னராக எடி மர்ஃபி, இராணியாக சோமாலியாவில் பிறந்த இமான். பண்டைய எகிப்தின் அரசவை முழுவதும் கறுப்பின மக்களால் நிறைந்திருக்கிறது. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் சுற்றி நின்றவர்களைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். அந்தப் படத்தின் கதையும் கவனத்துக்குரியது. அரசவையை மகிழ்விக்கத் தவறும் கலைஞர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். பிறகு வரும் ஜக்சன் மகிழ்வித்துவிட்டுத் தூசாகி மறைகிறார். பில்லி ஜீனில் விளையாட்டாக இருந்த மறைதல் இங்கு உயிர்தப்பும் வழியாகிவிட்டது.

1995ஆம் ஆண்டு, ஓர் இரசிகனாக நான் தலைகுனியும் ஆண்டு. "ஹிஸ்டரி" அல்பத்தின் முன்னோட்டப் படத்தில், ஹங்கேரியில் திரட்டப்பட்ட படையணிகளின் நடுவே சீருடையுடன் அவர் நடந்து வருகிறார். மக்கள் அலறுகிறார்கள், மயங்குகிறார்கள். திரை விலக, மலையளவான அவரது சிலை. நாஸி ஜேர்மனியின் பிரசாரப் படத்தை இது நினைவூட்டுவதாக அப்போதே விமர்சனம் எழுந்தது, அவ்விமர்சனம் நியாயமானது. அந்த ஜூன் மாதத்தில் அவரது பாரிய சிலையொன்று இலண்டன் தேம்ஸ் நதியில் மிதக்கவிடப்பட்டது. சிலை ஆடுவதில்லை. ஆடத் தெரிந்தவர்களில் ஒருவர் தன்னை அசையாத பொருளாகக் காட்ட விரும்பியதை விடத் துயரமான மாற்றம் எதுவுமில்லை. அதே ஆண்டின் "ஸ்க்ரீம்", 70 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்டதாகக் கூறப்படும் கறுப்பு வெள்ளைப் படம். தங்கை ஜெனட்டுடன் விண்கலமொன்றில் அடைபட்டிருக்கிறார். பூமியில் அவர்களுக்கு யாருமில்லை. அழகான படம்தான். ஆனால் ஒளிரும் சில கற்கள் முன்னர் தந்ததை அந்த விண்கலத்தால் தரமுடியவில்லை.

விதிவிலக்காக ஒன்று உண்டு. 1996இல் ஸ்பைக் லீ இயக்கிய "தே டோன்ட் கெயார் எபவுட் அஸ்". பாடலின் மூல வரிகளில் யூதர்களை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தமை சர்ச்சையாகி, அவர் மன்னிப்புக் கேட்டு அவற்றை மறைக்க நேர்ந்தது. அதை மறைத்து இப்படத்தைப் புகழ்வது முறையன்று. ஆயினும் பிறேசிலில் எடுக்கப்பட்ட பிரதியைப் பாருங்கள். ரியோ நகரின் டோனா மார்த்தா குடிசைப் பகுதியைக் காட்டினால் நாட்டின் பெயர் கெடும் என்று அதிகாரிகள் படப்பிடிப்பைத் தடுக்க முயன்றனர். சல்வடோர் நகரில் ஒலோடும் குழுவின் மத்தளங்கள் தெருவை அதிரவைக்கின்றன. ஜக்சன் ஒரு சாதாரண ரீ சேர்ட்டுடன் அவர்களிடையே துள்ளுகிறார். ஒரு பெண் காவலை மீறி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறாள். அவர் நிலைதடுமாறி விழுவதையும் லீ வெட்டாமல் விட்டிருக்கிறார். சிலை விழுந்து மனிதனாகிய கணம் அது. 2010இல் டோனா மார்த்தாவில் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். தேம்ஸில் மிதந்த சிலைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

பின்னர் வந்த "கோஸ்ட்ஸ்" ஏறத்தாழ 39 நிமிடங்கள் கொண்டது. ஸ்டான் வின்ஸ்டன் இயக்கினார். கதையில் எழுத்தாளர் ஸ்டீவன் கிங்குக்குப் பங்குண்டு. 1997இல் கேன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தீப்பந்தம் ஏந்திய ஊரவர்கள், பழைய மாளிகையில் தனித்து வாழும் விசித்திர மனிதனைத் துரத்த வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது; பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தை வழிநடத்தும் பருத்த நகரபிதாவாகவும் ஒப்பனைக்குள் ஜக்சனே நடித்திருக்கிறார். துரத்துபவனும் துரத்தப்படுபவனும் ஒருவரே என்பது நல்ல கற்பனை. அதே வேளை, "திரில்லர்" படத்தில் பேய்களோடு கலந்தவன் இங்கு பேய்களின் எசமானாகிவிட்டான்.

இங்கேதான் நான் தவிர்க்க விரும்பியும் தவிர்க்க முடியாத விடயம் வருகிறது. "மூன்வோக்கர்" முதல் "கோஸ்ட்ஸ்" வரை, பெரியவர்களின் இடத்தைப் படிப்படியாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் தீர்ப்பளிப்பவர்கள், பிள்ளைகள் நம்புபவர்கள் என்ற பிரிவினை படங்களின் இலக்கணமாகிறது. 1993இல் சிறுவன் ஒருவன் தொடர்பில் எழுந்த குற்றச்சாட்டு மறுவருடம் பண இணக்கத்தில் முடிந்தது. வேறொரு வழக்கில் 2005 ஜூனில் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. 2019இல் வெளியான ஆவணப்படமொன்றில், சிறு பராயத்தில் அவரால் துன்புறுத்தப்பட்டதாக இரண்டு ஆண்கள் கூறினர். அவரது சொத்துக்களை நிருவகிப்போர் அதை மறுத்தனர். நான் நீதிபதியல்லன். ஆனால் இருபது வருடங்களாகப் பிள்ளைகளோடு வேலை செய்பவன். ஒரு பிள்ளை நம்புகிறது என்பதை ஒரு பெரியவர் தனது நல்லெண்ணத்துக்குச் சாட்சியாகக் காட்டும்போது எனக்கு அச்சம் ஏற்படுகிறது. பிள்ளை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத கூட்டத்தைத் தேடிப்போனதே இப்பிற்காலப் படங்களின் கலைக் குறைபாடும் ஆகும். "பேட்" படத்தில் நண்பர்கள் அவனைக் கேள்வி கேட்டார்கள். அதனால் அங்கு நாடகம் பிறந்தது. "கோஸ்ட்ஸ்" படத்தில் கேள்வி கேட்பவன் கேலிக்குரியவன். இரசிகர்களாகிய நாங்களும் நீண்டகாலம் அப்பிள்ளைகளைப் போலவே இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2001இல் வந்த "யூ ரொக் மை வேர்ல்ட்" படத்தில் முகம் பெரும்பாலும் தொப்பியின் நிழலில் இருக்கிறது. அதே வருடத்தின் "க்ரை" படத்தில் அவர் தோன்றவேயில்லை. பலர் கைகோர்த்து வரிசையாக நிற்கிறார்கள், அந்த வரிசையில் அவரில்லை. பில்லி ஜீனின் புகைப்படம் போல.

2009 ஜூன் 25ஆம் திகதி, 50ஆவது வயதில் அவர் காலமானார். இலண்டனில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகைப் பதிவுகள் அந்த ஒக்டோபரில் "திஸ் இஸ் இட்" என்ற பெயரில் திரைக்கு வந்தன. அதில் "பில்லி ஜீன்" ஒத்திகை ஒன்று உண்டு. பிரமாண்டமான அரங்கம் வெறுமையாக இருக்கிறது. குரலைச் சேமித்தபடி, அடிகளைச் சோதித்துப் பார்ப்பவர் போல ஆடத் தொடங்குகிறார். பிறகு உடல் தன்னை மறக்கிறது. கமரா எட்டத்தில் நின்று தலை முதல் கால் வரை காட்டுகிறது. அந்தத் தூரத்தில் முகம் ஒரு பொருட்டாக இல்லை. மேடைக்குக் கீழே அவரது குழுவின் இளம் நடனக்காரர்கள் நின்று கையடித்து ஆரவாரிக்கிறார்கள். அவர்கள் மயங்கி விழும் கூட்டமல்லர். தொழில் தெரிந்தவர்கள், ஓர் அடி பிழைத்தால் கண்டுபிடிக்கக் கூடியவர்கள். 1983இன் பின்வரிசை, வேறொரு தலைமுறையாகத் திரும்பி வந்து நின்றது போலிருக்கிறது.

மாணவனின் கேள்விக்கு விரிவுரை நிகழ்த்த நான் விரும்பவில்லை. அந்தக் கைத்தொலைபேசியிலேயே "பீட் இட்" படத்தின் கடைசி நடனத்தையும், முன்னோட்டப் படத்தின் சிலையையும், இந்த ஒத்திகையையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். முகத்தைப் பார்க்காதே, சுற்றி நிற்பவர்களைப் பார் என்று மட்டும் சொன்னேன். முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கடைசில ஆக்கள் கொஞ்சப் பேர்தானே சேர் நிக்கிறாங்க" என்றான். "ஆனா அதுலதான் அவரு சந்தோசமா ஆடுறாரு."

இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டேன்.